முன்பலகையில் உட்கார்ந்தவள்

தெமிஸ்காமிங் ஊரில் யாரிடம் கேட்டாலும் ஓமேர் லாஃப்ரெனியேர் வாயைத் திறக்காத மனுஷன் என்றுதான் சொல்வார்கள். காகித ஆலையில் மரக்கூழ் காய்ச்சும் பிரிவில் அவனுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து மற்றவர்கள் பீர் குடிக்கப் போனால் அவனும் கூடப் போவான். குடிப்பான், தலையாட்டுவான், எழுந்து வந்துவிடுவான். வீட்டிலும் அதே கதைதான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவன் மனைவி லிசெத் பேசினாள். முன்னறையில் ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டிவிடுவது அவள் தொழில். கத்தரிக்கோலுக்குச் சமமாக அவள் வாயும் ஓடும்.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜாவது அப்பப்ப முனகும். எங்க ஆளு அதுகூடக் கெடையாது" என்பாள். நாற்காலியில் இருப்பவள் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டால், "ஆடாத, காது போயிடும்" என்று அதட்டுவாள்.

ஜூலைக் கடைசியில் ஆலைக்கு விடுமுறை வரும். கல்யாணமான வருஷத்திலிருந்தே அந்த விடுமுறை என்றால் அவர்களுக்குக் கிபாவா ஏரிதான். தேவதாரு மரச் சட்டத்தின்மேல் கித்தான் இழுத்துக் கட்டிப் பச்சை பூசிய தோணி ஒன்று ஓமேரிடம் இருந்தது. பின்பலகையில் அவன் உட்கார்ந்து திசை பிடிப்பான். முன்பலகையில் லிசெத். மகள் மானோன் பிறந்தபின் நடுவில் படுக்கைச் சுருட்டுகள்மேல் அவள். தீவு தீவாகப் போய்க் கூடாரம் போடுவார்கள். ஏரியும் ஏரியும் சேராத இடத்தில் தோணியைத் தலைமேல் கவிழ்த்துக் காட்டுப் பாதையில் ஓமேர் சுமப்பான். பின்னால் லிசெத் மூட்டைகளோடு, கறுப்பு ஈக்களை விரட்டிக்கொண்டு வருவாள். ராத்திரிக்குப் பன்றிக் கொழுப்பில் பொரித்த ஏரி மீன், பீன்ஸ், வாணலியில் சுட்ட ரொட்டி.

அங்கே ஓமேர் பேசினான். தோணி கரையை விட்டு விலகியதும் யாரோ உள்ளே பூட்டைத் திறந்துவிட்டதுபோல ஆகிவிடும். அப்பா எந்த வளைகுடாவில் காட்டு மானைச் சுட்டார் என்பது, மேஸ்திரியின் முட்டாள்தனம், முந்தின வாரம் கண்ட கனவு, செத்துப்போன அம்மா போடும் பட்டாணிச் சூப் என்று எல்லாவற்றையும் லிசெத்தின் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவான். அவள் திரும்பாமல் துடுப்புப் போடுவாள். வீட்டில் ஓயாத வாய் தண்ணீரில் அடங்கிவிடும். மனசு நிறைந்துதான் அப்படி இருக்கிறாள் என்று ஓமேர் நினைத்தான்.

"மத்தவங்க பொண்டாட்டி மாதிரி இல்ல. என் லிசெத்துக்கு ஏரின்னா உயிரு" என்று ஆலையில் ஒருமுறை சொன்னான். அங்கே அவன் பேசியதில் அதுதான் மிக நீளமான பேச்சு என்று கூட இருந்தவர்கள் பிற்பாடும் சொல்வதுண்டு.

மானோன் வளர்ந்து கத்தினோ நகரத்துக்கு வேலைக்குப் போனாள். அதன்பின் இவர்கள் இருவருமாகப் போய்வந்தார்கள். ஒரு வசந்தத்தில் லிசெத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண் மஞ்சளடித்தது. கணையத்தில் கட்டி என்றார் டாக்டர். அறுக்க முடியாது, பனி விழும்வரை இருந்தால் பெரிது.

ஓமேர் ஒரு வாரம் கொட்டகையில் கிடந்தான். தோணியின் கித்தானைத் தேய்த்தான், விரிசல்களை அடைத்தான், புதிதாகப் பச்சை பூசினான். கையெல்லாம் பெயிண்டோடு உள்ளே வந்து, "இந்த ஜூலையும் போலாம். எல்லாத்தையும் நானே தூக்கிக்கறேன். உனக்கு ஏரியக் காட்டணும்" என்றான்.

லிசெத் அவன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள்.

சேதி கேட்டு மானோன் போனில் பாய்ந்தாள். "உனக்குப் புத்தி இருக்காப்பா? நிக்கவே முடியல அவங்களால."

"அவ ஆசப்படறா."

"அவங்க ஆசப்படறாங்களா?" என்றாள் மானோன். "நானும் வரேன். உங்க ரெண்டு பேரையும் தனியா விடமாட்டேன்."

முன்பலகையில் இந்த முறை மானோன் உட்கார்ந்தாள். லிசெத்தால் துடுப்புப் போட முடியாது. மூட்டைகளை முன்பக்கம் அடுக்கி, அவற்றில் முதுகு சாய்ந்துகொள்ளும்படி அவளை நடுவில் உட்காரவைத்தார்கள். அதனால் அவள் முகம் பின்பக்கம், ஓமேரைப் பார்த்து இருந்தது.

இத்தனை வருஷத்தில் தண்ணீரின்மேல் அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை.

கரை விலகியதும் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தான். வாத்துக் கூட்டம் ஒன்றைக் காட்டினான். லிசெத் சிரித்தாள், ஆனால் வாத்துகளைப் பார்க்கவில்லை. தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. சின்ன அலை ஒன்று பக்கவாட்டில் தட்டியபோது அவள் கண்கள் இறுக மூடித் திறந்தன. வலி என்று நினைத்து, "மாத்திரை வேணுமா?" என்றான். அவள் தலையசைத்து மறுத்தாள்.

மறுநாள் நடு ஏரியைக் கடக்கவேண்டியிருந்தது. பாதி வழியில் மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. பெரிய காற்றில்லை, ஓமேர் அதைவிட மோசமானதில் எத்தனையோ முறை போயிருக்கிறான். ஆனால் எதிரே லிசெத்தின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. காது கொடுத்துக் கேட்டான். மாதாவின் ஜெபத்தை முடிப்பதும் மறுபடி ஆரம்பிப்பதுமாக இருந்தாள். குளிர்ந்த காற்றிலும் நெற்றியில் வேர்வை நின்றது. ஓமேருடைய பேச்சு பாதியில் அறுந்தது. யோசிக்காமல் பக்கத்திலிருந்த தீவுக்குத் தோணியைத் திருப்பினான்.

அவளைத் தூக்கிப் பாறையில் உட்காரவைத்துவிட்டு முன்னால் மண்டியிட்டான்.

"லிசெத். தண்ணியப் பாத்தா பயமா உனக்கு?"

அவள் அவன் தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதினாள். "இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா, கிழவா?"

"எப்பேர்ந்து?"

"ரொசேர் போனதுலேர்ந்து."

ரொசேர் அவளுடைய அண்ணன். வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிடும் வேலையில் இருந்தவன். கட்டைகளுக்கு நடுவே விழுந்து மேலே வராமலே போனான். கல்யாணத்துக்கு முன்பே ஓமேருக்குத் தெரிந்த கதைதான்.

"அது மரக்கட்டையாலன்னு..."

"கட்டைக்குக் கீழ தண்ணிதானே இருந்துச்சு."

மூட்டையிலிருந்து கம்பளியை உருவிக்கொண்டிருந்த மானோன் திரும்பிப் பார்க்காமலே, "எனக்குச் சின்ன வயசுலேயே தெரியும்ப்பா. ஏரிக்குப் பொறப்படற காலைல எல்லாம் அம்மா குளியலறைல வாந்தி எடுப்பாங்க" என்றாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நீதான் கேட்டிருக்கணும்."

"மானோன், போதும்" என்றாள் லிசெத்.

மகள் விறகு பொறுக்குவதாகச் சொல்லி மரங்களுக்குள் போய்விட்டாள். ஓமேர் அப்படியே மண்டியிட்டிருந்தான். "ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா தோணிய வித்திருப்பேனே."

"தெரியும். அதனாலதான் சொல்லல." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மொத வருஷம், அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆனா நீ பேசுன. அவ்வளவு பேச்சு உங்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்ததும் மறுபடி ஊமையாயிட்ட. இங்க வந்தா மட்டும்தான் எனக்கு ஒரு புருஷன் கெடச்சான். தோணியோட அவனையும் வித்துட்டு வீட்ல உக்காந்து நான் என்ன பண்றது?"

"இந்தத் தடவ ஏன் சரின்ன?"

"கையெல்லாம் பெயிண்டோட வந்து நின்னியே." பிறகு, அவன் என்றைக்கும் மறக்கமுடியாத மெல்லிய குரலில் கேட்டாள்: "ஓமேர், எனக்கு வீட்டுக்குப் போகணும். என் கட்டில்ல படுக்கணும். கூட்டிட்டுப் போறியா?"

"இப்பவே" என்று எழுந்தான். அவன் எழுந்து பார்த்தபோது ஏரி முழுக்க வெள்ளை நுரை பூத்திருந்தது.

இரண்டு நாள் காற்று அடங்கவில்லை. மழையும் சேர்ந்துகொண்டது. அவளுக்கு மிச்சமிருந்ததே கொஞ்ச நாள், அதில் இரண்டு இந்தத் தீவில், அவள் வெறுத்த தண்ணீருக்கு நடுவே, ஈரக் கூடாரத்துக்குள் கழிந்தன. ஓமேர் கரைக்குப் போய்ப் போய் நின்றான். அந்த ஊர் வழக்கப்படி தேவாலயத்துப் பாத்திர பண்டங்களின் பெயர்களையே வசவாக்கி, ஒன்று விடாமல் இழுத்துவைத்துக் காற்றைத் திட்டினான். ஒருமுறை உதவி தேடிப்போகத் தோணியைத் தனியாகத் தள்ளிப் பார்த்தான். முதல் அலையே உள்ளே அரைவாசி தண்ணீரைக் கொட்டியது. மானோன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் செத்துத் தொலைஞ்சா அவங்கள யாரு பாத்துக்கறது?" என்று கத்தினாள். இருவரும் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அவன் அழுதான். அவள் அவனைத் தொடவில்லை.

லிசெத்துக்கு மாத்திரை கொடுத்தும் வலி தீரவில்லை. தன் உடம்புச் சூடு அவளுக்குப் போகட்டுமென்று ஓமேர் ஒட்டிப் படுத்துக்கொண்டான். நடுக்கத்துக்கு நடுவிலும் அவளுக்குக் கேலி போகவில்லை. "இந்தக் கூடாரத்துல நாறுதே அந்த மீன் நாத்தம், அதையும் எனக்குப் பிடிக்காது. சொல்லிவச்சுடறேன்."

மூன்றாம் நாள் விடியும்போது ஏரி அசையாமல் கிடந்தது. அவளை நடுவில் உட்காரவைக்கும்போது, "மானோன் பக்கமா திரும்பி உக்காரு. மூட்டைங்க மறைக்கும், தண்ணி தெரியாது" என்றான் ஓமேர்.

"வேணாம். உன்னப் பாத்துக்கிட்டே வரேன். நீ பேசு."

அவன் வாயைத் திறந்தான். முதுகிடம் அத்தனை வருஷம் கொட்டியவனுக்கு முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வேகமாகத் துடுப்பை மட்டும் போட்டான். அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவள் தன் கட்டிலில் கிடந்தாள். ஈரத்தில் பிடித்த சளி நெஞ்சில் இறங்கியிருந்தது. அவளிடம் முடி வெட்டிக்கொண்ட பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். ஓமேர் கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்வான். ஏதோ சொல்ல வாயெடுப்பான். தலையணையைச் சரிசெய்வான், ஜன்னலைத் திறப்பான், மூடுவான். அவள் இரண்டொரு முறை "என்ன?" என்பதுபோலப் பார்த்தாள். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கிய ஒரு மதியம், அவன் சூப்பைச் சூடாக்கச் சமையலறைக்குப் போயிருந்தபோது, போய்விட்டாள். டாக்டர் சொன்ன பனி அதுவரை விழவில்லை. சளி பிடிக்காவிட்டால் இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பாள் என்று ஓமேர் யாரிடமும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் மானோன் அன்றே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அம்மாவை ஏன் ஏரிக்குக் கூட்டிப்போனாய் என்று அவள் கேட்கவில்லை, ஓமேரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் போன் செய்யவில்லை. அவன் ஆலைக்குப் போனான், வந்தான். தோணிக்குள் யார் வீட்டுப் பூனையோ குட்டி போட்டது. அவன் விரட்டவில்லை.

ஈஸ்டருக்கு முன்னால் முன்னறிவிப்பில்லாமல் மானோன் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். இரவு சாப்பிட்டுவிட்டுத் தன் பழைய அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். காலையில் அவள் காப்பி ஊற்றும்போது ஓமேர் கேட்டான்.

"உங்கம்மாவுக்கு வேற என்னவெல்லாம் பிடிக்காது?"

மகள் கெட்டிலைக் கீழே வைத்தாள். "எதுக்குப்பா?"

"எனக்குத் தெரியாது. அதான் கேக்கறேன்."

அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"காளான் பிடிக்காது. உன் தங்கச்சி கொண்டுவர கேக்கு பிடிக்காது, பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுடுவாங்க."

"அந்தக் கேக்கா?"

"அந்தக் கேக்குதான். கூடத்துல நீ அடிச்ச பச்ச நெறம் பிடிக்காது. ஞாயித்துக்கிழம ஹாக்கி பிடிக்காது."

"இல்ல, ஹாக்கி பிடிக்கும். எங்கூட உக்காந்து பாப்பாளே."

"இல்லப்பா" என்றாள் மானோன். "பிடிக்காது."

ஓமேர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. மானோன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு மேலே சொல்லத் தொடங்கினாள்.