நம்ம ஸ்டாம்பு ரங்கூனில் செல்லுமா?

கவுண்டரில் வரும் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் பதில் இருக்காது என்பதைத் தபால் ஆபீஸில் உட்கார்ந்து முதுகு வளைந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ரங்கூனில் பிறந்து, தமிழும் பர்மியமும் படித்து, பர்மாவிலிருந்து தமிழர்களைத் துரத்தியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவன். ஸ்ரீபெரும்புதூர் தபால் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் நடந்தவை இவை.

கறை படிந்த ஸ்டாம்பு

பக்கத்து வல்லம் வடகால் கிராமத்திலிருந்து தனம் என்ற அம்மா வந்தார். புருஷன் ரங்கூனில் அரிசி மில்லில் வேலை. எங்களைப் போன்றவர்கள் திரும்பிய பிறகும் அவர் வரவில்லை. ஒரு வருஷமாகக் கடிதமும் இல்லை. அவர் கடைசியாகப் போட்ட கடிதத்திலிருந்து முத்திரை மை படிந்த பர்மா ஸ்டாம்பை ஆவி காட்டிப் பிரித்து, தனம் தன் உறையில் ஒட்டியிருந்தார். "இது செல்லாதும்மா, நம்ம ஸ்டாம்புதான் ஒட்டணும்" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்ம ஸ்டாம்பை அந்த ஊரு போஸ்ட்மேன் எதுக்கு சார் மதிப்பான்? நீங்க புதுசா வேலைக்கு வந்தவரா?"

இது என்ன ஒப்பந்தம்

நியாயமான கேள்விதான். நாடுகளெல்லாம் சேர்ந்து ஒரு தபால் சங்கம் வைத்திருக்கின்றன, அவங்க கடிதத்தை நாம கொடுப்போம், நம்ம கடிதத்தை அவங்க கொடுப்பாங்க என்று விளக்கினேன். சொல்லும்போதே எனக்குக் குழம்பியது. எங்கள் கடையைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கப்பலேற்றிய அரசாங்கம், நான் இங்கே விற்கும் ஸ்டாம்புக்குக் கட்டுப்படுகிறதே! தன் கடிதம் வெளியே போகவேண்டுமானால் அடுத்தவன் கடிதத்தை உள்ளே விட்டாக வேண்டும், அதனாலோ என்னவோ. கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த தபால்காரர் முனுசாமி நிமிர்ந்தார்.

"ஆளைத் தொரத்திட்டு லெட்டரை மட்டும் உள்ள வுடுறானா? இன்னா சார் ஒப்பந்தம் இது?"

திரும்பி வந்த அட்டை

நம்ம ஸ்டாம்பையே ஒட்டிப் பதிவுத் தபாலாக அனுப்பினோம். பெறுபவரிடம் கையெழுத்து வாங்கித் திருப்பியனுப்பும் அட்டையையும் சேர்த்தோம். புருஷன் செத்துவிட்டார், தாலியைக் கழற்று என்று கொழுந்தன் வீட்டில் பேச்சு ஆரம்பித்திருந்தது. வாராவாரம் தனம் வந்து நின்றார்.

மூன்று மாதம் கழித்து, ரங்கூன் முத்திரையோடு அட்டை வந்தது. கீழே தமிழில் கையெழுத்து. "அவருதுதான்" என்று தனம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முனுசாமி ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். தாலிப் பேச்சு அன்றோடு நின்றது. ஆனால் பதில் கடிதம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. கடைசியாக வந்த அன்று தனம் கேட்டார்:

"ரெண்டு கவர்மெண்டும் சொன்ன வேலையைச் செஞ்சிடுச்சு. உயிரோட கீறவரு ஒரு வரி எழுத மாட்டேங்கிறாரு. அதுக்கு எதுனா சங்கம் கீதா சார்?"

நாடுகள் ஏன் சேர்ந்துகொள்கின்றன என்பது எனக்கு இப்போது ஓரளவு பிடிபடுகிறது. அந்த அட்டையில் நிதானமாகக் கையெழுத்துப் போட்ட மனுஷன்தான் இன்னும் பிடிபடவில்லை.