பசை மேசைக்கு மேலே ஒரு ஃபேன்

1. திரும்பி வந்த நாள்

பிரசவ விடுப்பு முடிந்து, அமரவிளைக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் செருப்புக் கம்பெனிக்குத் திரும்பினேன். ஷெட்டுக்குள் கால் வைத்ததுமே பசையும், அதை இளக்கச் சேர்க்கும் தின்னரும் கலந்த வாடை தலைக்கு ஏறியது. எனக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. செருப்பில் ஒட்டிய சோலை, அதாவது அடிப்பாகத்தை, இழுத்துப் பார்த்து, பிரிந்தால் ரிஜக்ட் என்று ஒதுக்க வேண்டும்.

"இந்த வாடையிலயா இருந்தோம்?" என்று பசை மேசையில் இருந்த தங்கம் அக்காவிடம் கேட்டேன்.

"என்ன வாடை? உனக்க மூக்குக்காக்கும் சூக்கேடு மக்கா, எனக்கு ஒண்ணும் அடிக்கல்ல."

மத்தியானத்துக்குள் எனக்கும் வாடை தெரியவில்லை. ஆனால் மாலையில் மகளைத் தூக்கியதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அதன் பிறகு குளித்து உடை மாற்றாமல் நான் அவளைத் தொடுவதில்லை.

2. தங்கம் அக்கா

எங்கள் ஷெட்டில் அவரளவுக்கு வேகமாகப் பசை தடவுகிறவர் யாருமில்லை. விடுப்பில் போகுமுன் நான் பார்த்த அக்கா அது. இப்போதோ இடது காலுக்கு வலது சோலை ஒட்டி அனுப்பினார். சொன்னதையே திரும்பக் கேட்டார். அடிக்கடி தலைவலி என்றார். எழுந்து நடந்தால் தடுமாறினார்.

"எலே, அக்கா காலையிலேயே குடிச்சிட்டு வந்திருக்காவ!" என்றான் கட்டிங் பிரிவு விஜயன்.

"குடிச்சிருந்தா உனக்கும் ஒரு துளி தந்திருப்பேனே," என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

ஒரு சாயங்காலம் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "மக்கா, நான் எந்த பஸ்ஸில ஏறணும்?" அவர் வீடு அதியன்னூர். தினமும் போகும் பஸ் எதிரிலேயே நின்றது.

அந்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "தங்கத்தை மாசக் கடைசியோட நிறுத்திரலாம். வயசாச்சு."

அக்காவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. இந்த வாடைதான் காரணமோ என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் டாக்டர் இல்லையே. தப்பாகச் சொல்லி என் வேலையும் போனால் என்ன செய்வது? இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் முதலில் கேட்டது வேலையைப் பற்றித்தான். "தின்னர் ஆவி வருஷக்கணக்கில உள்ளே போனா மூளையைப் பாதிக்கும். இவங்களுக்கு அதுதானான்னு டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும். அதுக்கு முந்தி அந்த இடத்திலேருந்து மாற்றுங்க. அங்கே காற்று உண்டா?"

இல்லை. காற்றை நாங்களேதான் அடைத்து வைத்திருந்தோம்.

3. ஃபேன்

ஒரு நீள வரிசை முழுவதும் பசை தடவிவிட்டு, பிறகு முதல் சோலிலிருந்து ஒட்டி வருவது எங்கள் வழக்கம். ஃபேன் ஓடினால் திரும்பி வருவதற்குள் முதல் சோல்களில் பசை அளவுக்கு மேல் காய்ந்துவிடும், ஒட்டாது. அதனால் ஃபேனை அணைத்து, ஜன்னலையும் சாத்திவிடுவோம்.

மேனேஜரிடம் போனேன். "வரிசையைச் சின்னதாக்கினா ஃபேன் ஓடினாலும் ஒட்டும் சார்."

"ப்ரொடக்ஷன் குறையுமே. யாரு பதில் சொல்லுவா?"

"நான் சொல்லுதேன். அக்காவை நிறுத்தினா அந்த மேசைக்கு வேற ஒருத்தி வருவா. அவளுக்கும் இதுதான் வரும். அக்காவை பாக்கிங்குக்கு மாற்றுங்க சார்."

"ஒரு வாரம் பாப்போம். ரிஜக்ட் கூடிச்சுன்னா ஃபேனும் நிக்கும், உனக்க வேலையும் நிக்கும், கேட்டியா?"

ஆனாலும் நானே போய் சுவிட்சைப் போட்டேன். அந்த வாரம் சோல்களை வழக்கத்தைவிடப் பலமாக இழுத்துப் பார்த்தேன். ரிஜக்ட் கூடவில்லை. ப்ரொடக்ஷன் கொஞ்சம் குறைந்தது. மேனேஜர் முணுமுணுத்தார், ஆனால் ஃபேனை அணைக்கச் சொல்லவில்லை. பிறகு சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனும் வந்தது.

அக்கா இப்போது வாசல் பக்கம் பாக்கிங்கில் இருக்கிறார். தலைவலி விட்டுவிட்டது. மறதி முழுதாகப் போகவில்லை. போகும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

எதையும் நூறு தடவை யோசிக்கிறவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டருக்கே அன்று உறுதியாகத் தெரியவில்லை. ஆனாலும் முதலில் ஆளை அந்த இடத்திலிருந்து மாற்றுங்கள் என்றார். சந்தேகம் வந்த அன்றைக்கே ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சந்தேகம் தப்பாகிப் போனால் மறுபடி சாத்திக்கொள்ளலாம்.