மூன்று சொல் சீட்டு

நான் உத்தியோகம் பார்த்த காலத்தில், துறைமுகத்தை ஒட்டிய ஆபீஸ்களில் ஒருவன் வேலைக்கு மனுப் போட்டால் இரண்டு கடிதங்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒன்று, கடைசியாக வேலை செய்த இடத்துத் துரை கொடுத்தது. இன்னொன்று, ஊரில் மதிப்புள்ள ஒருவர் கொடுத்தது. துரை கொடுக்கும் கடிதத்துக்கு எங்களுக்குள் 'மூணு சொல் சீட்டு' என்று பெயர். ஆனஸ்ட், சோபர், இண்டஸ்ட்ரியஸ். யோக்கியன், குடிக்காதவன், உழைப்பாளி. மற்றதெல்லாம் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை வேலை பார்த்தான் என்ற விவரம்தான்.

துரைமார்கள் யாரையும் காகிதத்தில் திட்டமாட்டார்கள். திட்ட வேண்டியிருந்தால் மூன்றில் ஒரு சொல்லை விட்டுவிடுவார்கள். இரண்டாவது சொல் இல்லையென்றால் குடிகாரன். மூன்றாவது இல்லையென்றால் சோம்பேறி. முதல் சொல் இல்லையென்றால், இவனைச் சரக்குப் பக்கம் விடாதே என்று பொருள். எழுதுகிற குமாஸ்தாவுக்கும் இது தெரியும், வாங்கிப் படிக்கிற துரைக்கும் தெரியும்.

ஒரு மனிதருடைய சீட்டில் அந்த முதல் சொல் இல்லாமல் போனது. விட்டது துரை அல்ல, நான்.

ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் நான் டைப் அடிக்கும் குமாஸ்தா. இன்டர்மீடியட் தேறியிருந்தேன். அந்த மனிதர் அதே ஆபீஸில் டாலி கிளார்க். படகிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிப் புத்தகத்தில் கோடு போடுவது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது பெரியவர். ராயபுரத்து மீனவர் தெருவில் பிறந்த வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். மூட்டையில் குத்தியிருக்கும் மார்க்கையும் கப்பல் பெயரையும் இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படிப்பார். முழு வாக்கியம் படிக்க வராது. அதனால் இங்கிலீஷில் எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் கொண்டுவருவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை வாத்தியாரே என்பார்.

அவர் எண்ணினால் எண்ணினதுதான். ஒருமுறை படகுக்காரன் ஒருவன் எல்லா மூட்டையும் இறங்கிவிட்டது என்று சத்தியம் செய்தான்.

"ஒன்னு உள்ள கீதுடா," என்றார் இவர், கரையிலிருந்து நகராமலே.

"நீ வந்து பாத்தியா நைனா?"

"இன்னாத்துக்குப் பாக்கணும்? படகு இன்னும் முழுசா மேல வரலியே. உன் மாமியாரா உள்ள குந்திகினு கீறா?"

பலகைக்கு அடியிலிருந்து மூட்டை வந்தது. கரையே சிரித்தது. படகுக்காரனும் சிரித்தான்.

உலகச் சண்டை முடிந்து சில வருஷங்களில் எங்கள் கம்பெனி சென்னை ஆபீஸை மூடிவிடுவது என்று முடிவு செய்தது. துரை சீமைக்குத் திரும்ப இருந்தார். நாங்கள் ஏழு பேர் நடுத்தெருவில். அந்தச் சமயத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் புதிதாகக் கிடங்கு கட்டியிருந்த ஒரு கம்பெனி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. தலைமை டாலி கிளார்க் ஒருவர் தேவை. அதைப் படித்துச் சொன்னதே நான்தான்.

"இது எனக்குன்னே போட்டா மாதிரி கீது வாத்தியாரே," என்றார். அது உண்மை. எனக்கு மூட்டை எண்ணத் தெரியாது. ஆனால் எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாமனார் வீட்டில் என்னைப் பார்க்கும் பார்வை மாறத் தொடங்கியிருந்தது. பட்டணத்து ஆபீஸ்கள் எதிலும் இடம் இல்லை. அன்று மாலையே அதே வேலைக்கு நானும் மனு எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. தம்பு செட்டித் தெருவில் ஏதோ ஒரு ஆபீஸுக்குப் போடுவதாகச் சொன்னேன்.

துரையின் கடிதம் எப்படியும் வரும். ஊர்ப் பெரியவர் கடிதத்துக்கு எனக்கு ஆள் இல்லை. அதையும் அவரிடமே சொன்னேன். மறுநாள் காலையில் என்னை அவர் மாதா கோயில் சாமியாரிடம் கூட்டிப் போனார்.

"வேட்டிய எறக்கி உடு வாத்தியாரே. மடிச்சிக் கட்டிகினு வந்தா சாமி வாசல்லியே தொரத்திடுவாரு."

சாமியார் வயதானவர், கறாரானவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரை நான் இன்றுதான் பார்க்கிறேன். தெரியாதவருக்கு எப்படிச் சாட்சிக் கடிதம் கொடுப்பது?"

"ஸ்தோத்திரம் சாமி. என்னிய ஒங்களுக்குத் தெரியும். இவர எனக்குத் தெரியும். நடுவுல இன்னா சாமி பாக்கி?"

"நாளைக்கு இவர் ஏதாவது செய்துவைத்தால்?"

"என் காதப் புடிச்சித் திருகுங்க. ரெண்டு கீது."

சாமியார் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்து எழுதினார். மூன்று சொற்களையும் எழுதி, நம்பகமான ஒருவர் மூலம் அறிந்தேன் என்றும் சேர்த்தார். வெளியே வந்ததும் நான் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது என் நன்றி பொய் இல்லை. இதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

அந்த வாரம் துரை என்னைக் கூப்பிட்டு ஏழு பேருக்கும் வழக்கமான கடிதத்தை அடித்துக் கொண்டுவரச் சொன்னார். யார் எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கப்பல் டிக்கெட்டும் சாமான் பெட்டிகளுமாக அவர் மேஜை நிறைந்திருந்தது. அவருக்கு எல்லோரும் நல்லவர்கள்தான்.

ஆறு கடிதம் அடித்தேன், என்னுடையது உட்பட. ஏழாவதாக அண்ணனுடையதை அடித்தேன். மூன்று சொல்லும் சரியாக விழுந்திருந்தன. தாளை உருவி மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். எட்டு வருஷம் டாலி கிளார்க், மூன்று சொல் சீட்டு. இதைப் பார்க்கிறவன் என் மனுவை எடுத்துக்கூடப் பார்க்கமாட்டான் என்று தோன்றியது. அந்தத் தாளை நாலாகக் கிழித்தேன். இன்னொரு தாளை மாட்டி, முதல் சொல் இல்லாமல் அடித்தேன். பிழை ஒன்றும் விழவில்லை. நல்ல டைப்பிஸ்டு நான்.

துரை ஏழு தாளிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். ஒன்றையும் படிக்கவில்லை.

மத்தியானம் அண்ணன் தன் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"இன்னா எழுதிக்கீறாரு? படி."

படித்தேன். இல்லாத சொல்லையும் சேர்த்துப் படித்தேன்.

"மூணும் கீதா?"

"மூணும் இருக்கு அண்ணே."

அவர் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வேலை எனக்குக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது. புது ஆபீஸில் ஆள் எடுக்கும் மனுக்களைத் தரம் பிரித்தவர் ஒரு சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர்; அங்கே தலைமைக் குமாஸ்தா. என்னைப் பழக்கும்போது இரண்டு மனுவையும் எடுத்து வைத்துக் காட்டினார். "இந்த ஆள் எட்டு வருஷம் சரக்கோடு நின்றவன். அவன் துரை முதல் சொல்லை விட்டிருக்கிறார். காரணம் இல்லாமல் விடுவாரா?" அண்ணனுக்கும் அதே சாமியார் கடிதம் கொடுத்திருந்தார். அதைச் சட்டைக்காரர் ஒதுக்கித் தள்ளினார். "தன் கோயில் ஆளைச் சாமியார் குறை சொல்வாரா? ஆனால் உன்னைப் பார். நீ இந்து. உனக்கே கொடுத்திருக்கிறார் என்றால் அதற்கு எடை அதிகம்."

நான் தலையை ஆட்டினேன்.

நான் அதே வேலையில் இருப்பது அண்ணனுக்குச் சில வாரங்களில் தெரிந்துபோயிற்று. தம்பு செட்டித் தெரு வேலை அமையவில்லை, கடைசி நாளில் இங்கேயும் போட்டேன் என்று சொன்னேன். "போவட்டும், நம்ம ஆளுக்குத்தானே கெடச்சிது," என்றார். அதற்குப் பிறகு நாலு வருஷம் அவர் அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போனார். எங்கும் அதை வாங்கிப் படித்தார்கள், மடித்துக் கொடுத்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஏன் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்வது வழக்கமில்லை. துறைமுகத்தில் தான் எண்ணிய மூட்டைகளையே இப்போது முதுகில் சுமந்தார். நான் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு போவேன்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டு வேளையில் அவர் என் ஆபீஸுக்கு வந்தார். சட்டைக்காரர் ஓய்வு பெற்று, தலைமைக் குமாஸ்தா நாற்காலியில் நான் உட்கார்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. சீட்டை மேஜைமேல் விரித்து வைத்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் காகிதம் ஒட்டியிருந்தது.

"எம் பொண்ணு கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல படிக்குது. நேத்து இத்த எடுத்துப் படிச்சிது. ரெண்டு சொல்லுதான் கீதுன்னு சொல்லுது வாத்தியாரே."

நான் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"நான் அத்த அடிக்கப் போனேன். மூணு கீதுடி, வாத்தியாரு படிச்சாருன்னு. அது அழுதுகினே வெரல வெச்சிக் காட்டுது."

"துரை... அவசரத்தில் விட்டிருப்பார் அண்ணே."

"தொர எங்க எழுதனாரு?" குரல் உயரவில்லை. "எட்டு வருசம் உன் பக்கத்துல குந்திகினு இருந்தேன். தொர எழுதி எப்பவாச்சும் பாத்துக்கீறேனா? கையெழுத்து மட்டும்தான் அவரு. அடிச்சது நீ."

அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். மேஜையில் இருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்னு கேக்க வர்ல," என்றார். "அது எனக்குத் தெரியும். கிடங்குல டாலிக்கு ஆளு எடுக்கறாங்களாம். மிஷினு இங்கதான் கீது. அந்த ஒரு சொல்ல இதுல சேத்து அடிச்சிக் குடு. அந்த வரில எடம் கீதுன்னு பொண்ணு சொல்லுது."

இடம் இருந்தது. ஒரு நிமிஷ வேலை.

இதற்கு நான் சொன்ன பதிலை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. "துரை கையெழுத்துப் போட்ட தாளில் பிறகு எழுதுவது தப்பு அண்ணே. சட்டப்படி குற்றம். அந்த மாதிரிக் காரியம் நான் செய்யமாட்டேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் தேவலை.

"செரி. இத்தத் தொட வாணாம். உன் பேருல ஒரு சீட்டு எழுதிக் குடு. நீ இப்ப பெரிய குமாஸ்தா. எட்டு வருசம் கூட வேல செஞ்சவன், யோக்கியன்னு எழுது. நான் சாமிகிட்ட உனக்குச் சொன்னா மாதிரி."

எழுதினால் அது செல்லும். என் துரை என் சொல்லைத் தட்டமாட்டார். ஆனால் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பழைய துரை விட்ட சொல்லை நீ எப்படிச் சேர்க்கிறாய் என்று ஒரு கேள்வி கேட்பார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலோடு என் நாற்காலியும் போகும்.

"குமாஸ்தா கடிதத்தை இங்கே யாரும் மதிக்கமாட்டார்கள் அண்ணே," என்றேன்.

அவர் சீட்டை எடுத்துப் பழைய மடிப்பிலேயே மடித்தார். அதைக் கிழித்து என் முகத்தில் எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறியவில்லை. துரை கையெழுத்துப் போட்ட தாள் அவரிடம் அது ஒன்றுதான். திட்டவும் இல்லை. வாசல்வரை போய், "பொண்ணுக்கு நான் இன்னா சொல்றது?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

எண்ணூர் உப்பளத்தில் அவரைப் பார்த்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள். போய்ப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை. எண்ணூருக்கு ரயில் இருந்தது, அரை நாள் லீவும் இருந்தது.

அன்று அவர் போன பிறகு நான் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கிடங்கு டாலி வேலைக்கு வந்த மனுக்கள் ஒரு கட்டு மேஜையில் இருந்தன. சாயங்காலத்துக்குள் அவற்றைப் பிரித்து வைக்க வேண்டியது என் பொறுப்பு. ஒவ்வொன்றாக எடுத்துத் துரை கடிதத்தை மட்டும் பார்த்தேன். மூன்று சொல்லும் இருந்தவை வலப்பக்கம். முதல் சொல் இல்லாத கடிதம் ஒன்று வந்தது. அதை அடித்தவன் எவனோ, அவனுக்கு என்ன காரணமோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய பிறகும் அதை இடப்பக்கம்தான் வைத்தேன்.