எட்டு பலூன் கேஸு

வேண்டாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அச்சரப்பாக்கத்தில் பிறந்து திருவிடந்தையில் வாக்கப்பட்டவள். பதினோரு வருஷமாக இந்தக் கடலோர ஓட்டல்களில் கல்யாணம், பிறந்தநாள் எதுவானாலும் பலூனுக்கு கேஸ் பிடிப்பவள். அவளைப் பார்த்து, "கேஸை எவன்கிட்டம்மா வித்த? திருடி!" என்று கத்திவிட்டானே, பாவி! கிச்சனில் பாத்திரம் தேய்க்கும் செல்லம்மாகூட வெளியே எட்டிப் பார்த்தாள்.

கத்தியவன் மேனேஜர் ஹர்ஷவர்தன். ஒரு சிலிண்டருக்கு ஒன்பது இஞ்ச் பலூன் எண்ணூறு வரும். இன்றைய கல்யாணத்துக்குப் பிடித்தது பதினெட்டு இஞ்ச். டபுள்தானே, அப்போ நானூறு வரணுமாம். வந்தது நூறு.

"நேத்தே சொன்னேனே சார், ஒரு சிலிண்டர் பத்தாதுன்னு. காதுல வாங்கினியா?"

"பேசாத. கிளம்பு. இனிமே இந்த ரோட்டுல எந்த ஓட்டல்லயும் உனக்கு வேலை கிடையாது."

வயிற்றில் அடிக்கிறான்! வேண்டா கிளம்பவில்லை. ஒரே சைஸ் குப்பைக் கவர் ரெண்டு எடுத்து வந்தாள். பெரிய பலூன் ஒன்றின் வாயை முதல் கவருக்குள் நுழைத்து அவிழ்த்தாள். கவர் திம்மென்று உப்பியது. முடிச்சுப் போட்டாள்.

மாதிரி காட்ட கேஸ் பிடித்து வைத்த ஒன்பது இஞ்ச் பலூன்கள் தூணில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அடுத்த கவருக்குள் அவிழ்த்தாள். நாலு பலூனுக்குக் கவரில் பாதிதான் தேறியது. எட்டாவது சப்பையான பிறகுதான் ரெண்டு கவரும் ஒரே பருமனாக நின்றன.

"பாத்துக்க. இஞ்ச் டபுள் ஆனா அகலம் மட்டுமா வளருது? நீளம், ஒசரம் எல்லாந்தான் வளருது. எவ்ளோ எடம் அடைக்குதோ அவ்ளோ கேஸு உள்ள கீது. ஒண்ணுக்கு எட்டு. எண்ணூற எட்டால வகு, படிச்சவன்தான நீ?"

அவன் முகம் தொங்கிப்போனது. "சரி, விடும்மா. வேற சிலிண்டர் வந்துட்டுது. பொண்ணு வூட்டுக்காரங்க வர்ற நேரம், சீக்கிரம் பிடி."

விடுவதா! சிலிண்டரைத் திறக்கும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "திருடின்னு சொன்ன வாயால இல்லன்னு சொல்லு."

"ஸாரி" என்று முனகினான்.

"அப்ப கத்துனது கிச்சன் வரைக்கும் கேட்டுச்சு. இதுவும் அங்க கேக்கணும்."

வாசலில் கார் வந்து நின்றது. அவன் சாவியைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். "வேண்டா திருடல!" என்று கத்தினான்.

உள்ளேயிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது: "இன்னொரு வாட்டி சொல்லு சார், மிக்ஸி ஓடிக்கினு இருந்துச்சு!"