பாதி வசனமும் பத்மா அன்ரியும்

மில்லிக்கன் பிளாசாவில் காரை நிறுத்தும்போது பத்மா அன்ரியின் கணவர் சிறீ அங்கிளின் அழைப்பு வந்தது. "பிள்ளை, அவ போயிட்டா," என்றார். நோய் முற்றியிருந்தது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நெடுநேரம் காரைவிட்டு இறங்க முடியவில்லை.

பல்கலைக்கழக நூலகத்தில், உக்ரைனியம், ரஷ்யம் போன்ற சிலாவிய மொழிகளுக்கான பிரிவில் பத்மா அன்ரியின் மேசையும் என் மேசையும் அருகருகே இருந்தன. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள் நான். கூட்டங்களில் வாய் திறக்கமாட்டேன். அன்ரி புலமைப்பரிசிலில் உக்ரைனின் கீவ் நகருக்குப் போய்ப் படித்தவர், வாய் மூடமாட்டார். "நீ பேசாட்டி உனக்காக வேற ஆரும் பேசுவினம். அது பிழையாத்தான் இருக்கும்," என்பார்.

பேசத் தெரிந்த அவருக்கே அது நடந்தது. சிலாவியர் எல்லோரும் ஒரே மக்கள் என்று எழுதிவரும் வரலாற்றாசிரியர் ஒருவர், பழைய உக்ரைனிய உரையொன்றை அன்ரியைக் கொண்டு மொழிபெயர்ப்பித்தார். சிலாவியர் உடன்பிறப்புகள், ஆகவே ஒருவரை ஒருவர் ஆளக்கூடாது என்பது அதிலிருந்த வசனம். அவருடைய நூலில் 'உடன்பிறப்புகள்' வரைதான் வந்தது. அதன் வாலில், ஆகவே உக்ரைனுக்குத் தனி நாடு எதற்கு என்று தன் கேள்வியை ஒட்டியிருந்தார். முன்னுரையில் அன்ரிக்கு நன்றி.

கீவில் குண்டு விழுந்த நாட்களில் அந்த நூலைக் காட்டித்தான் அவர் தொலைக்காட்சியில் பேசினார். முன்னுரையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி அன்ரி கேட்டதற்கு, நன்றி சொன்னது மரியாதைக்கு என்றாராம். கீவிலிருந்த அன்ரியின் பழைய அறைத்தோழி அந்த முன்னுரையைப் பார்த்தார். பிறகு அவர் அன்ரியோடு பேசவேயில்லை.

அன்ரிக்காக நாங்கள் போடும் இந்த நினைவு மலருக்கும் அந்த வரலாற்றாசிரியர் ஆங்கிலத்தில் அஞ்சலி அனுப்பியிருந்தார். தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது.

"பெரிய ஆள், பிள்ளை. போடாமல் விடேலுமே?" என்றார் அங்கிள்.

"போடுவம் அங்கிள்."

'பத்மா என்னோடு கடுமையாக முரண்பட்டார்' என்று அவர் எழுதியிருந்தார். அதன் பின்னால் ஓர் 'ஆனால்'. கடைசியில் அன்ரி அவர் பக்கம் வந்துவிட்டாராம். பச்சைப் பொய். 'முரண்பட்டார்' என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தேன். அதை இந்த மலரின் அடுத்த பக்கத்தில் வாசிப்பீர்கள்.

என் தமிழாக்கத்தை வாசித்துவிட்டு அங்கிள் ஆங்கிலப் பிரதியை நீட்டினார். "மிச்சம் எங்க?"

"இடம் காணாது அங்கிள்."

செத்தவீட்டுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். "பத்மா அறிஞ்சால் உன்னை ஏசுவா."

"ஓம், ஏசுவா."

அன்ரி முழுவதையும் போட்டு, கீழே பதில் எழுதியிருப்பார். அந்த நேர்மை எனக்கு வாய்க்கவில்லை. அவருடைய கோபம் வாய்த்திருக்கிறது. அதை ஆறவிடமாட்டேன்.