நாலு முழ இடம்

பஞ்சவர்ணம் போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது, நான் வண்டி நிறுத்தத்தில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். அவள் மகள் தேவிதான் போனில் பேசினாள். "மாமா, அம்மா எந்திரிக்கல" என்றாள். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரையும் தெளித்து முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

பரவை மார்க்கெட்டில் அவளோடு கடை போட்டவர்களே, ஆரப்பாளையம் ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளே, நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒன்றைக் கேட்டீர்கள். சிலர் வாய்விட்டுக் கேட்டீர்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டீர்கள். கூடப் பிறந்தவன் இல்லாத பஞ்சவர்ணம் என்னைத்தான் அண்ணனாக வைத்திருந்தாள். தான் கண்ணை மூடினால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் கொண்டுவந்து போர்த்த வேண்டும் என்று மகளிடம் சொல்லியும் வைத்திருந்தாள். அந்தச் சேலையோடு நான் ஏன் நேரத்துக்கு வரவில்லை? இன்று முப்பதாம் நாள். பதிலைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லத் தேவி எழுதுகிறாள். அவள் அம்மாவைப் பற்றி ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் பேனாவை நிறுத்திவிடுகிறாள்.

மதுரை அம்மன் கோயில் வீதிகளுக்கு வெளியே இருக்கும் அந்த நிறுத்தத்தில் வெகுகாலமாக நான் காவல். வண்டி நம்பரைப் படிக்க வராது. எந்த வண்டியிலிருந்து எந்த முகம் இறங்கியது என்று ஒரு தரம் பார்த்தால் போதும், மறக்காது. பஞ்சவர்ணம் முதன்முதலில் சாமி கும்பிட வந்தது, பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரம் சேர்த்த ஸ்கூட்டரில். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள். அவள் மிளகாய் வியாபாரி என்று வாசத்திலேயே தெரிந்தது. டூவீலர் எல்லாம் கடைசி வரிசைக்குப் போக வேண்டும் என்றேன்.

"அங்கன நிறுத்திட்டு வாசலுக்கு நான் எதுல வர்றது? நீ தூக்கிட்டு வருவியா?"

"தூக்கிட்டாப் போச்சு. தங்கச்சி மாதிரி இருக்க."

"நாலு நாள் தூக்குவண்ணே. அஞ்சாம் நாள் லீவு போட்டுருவ."

சிரித்துவிட்டேன். அன்றைக்கே வாசலை ஒட்டிய ஓரத்தை அவளுக்கு விட்டேன். அன்றைக்கே அண்ணனும் ஆகிவிட்டேன்.

ஓரம் கிடைத்ததும் அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மிளகாய் ஏற்றிவரும் லாரிக்காரர்கள் மூலமாக அவள் போன் நம்பர் ஊர் ஊராகப் போனது. நடக்க முடியாதவர்களை வைத்துக்கொண்டு மதுரைக்கு வர நினைப்பவர்கள் அவளைக் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் வந்தால் ஆரப்பாளையத்தில் யார் ஆட்டோவில் சக்கர நாற்காலி ஏற்றும் பலகை இருக்கிறது, எந்த லாட்ஜில் வாசற்படி கிடையாது என்றெல்லாம் மிளகாயை நிறுத்துக்கொண்டே சொல்லுவாள். சொந்த வண்டியில் வருகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்பாள்: "சேர் எறங்குறது பின் கதவா, பக்கக் கதவா?" அப்புறம் என்னைக் கூப்பிடுவாள். நான் வாசலை ஒட்டி இடம் பிடித்து வைப்பேன்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். காவல்காரனுக்கு ஒரு கர்வம் உண்டு. ஐம்பது கார் நிற்கும் இடத்தில் அறுபதை நிறுத்திக் காட்டுவேன். கண்ணாடியை மடக்கச் சொல்லி, ஆள் ஒருக்களித்து இறங்கும் அளவுக்கு நெருக்கிவிடுவேன். ஒருநாள் ஒரு வாத்தியார் வேனில் வந்தார். பக்கக் கதவு. பலகையைச் சாய்த்து, சக்கர நாற்காலியோடு இறங்கிப் போனார். வேனுக்குப் பக்கத்தில் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று ஒரு சின்னக் காரை நான்தான் அதில் சொருகினேன். நன்றாகச் சொருகினேன் என்று எனக்கே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன்.

வாத்தியார் திரும்பி வந்தபோது கதவைத் திறக்க முடிந்தது, பலகையைச் சாய்க்க முடியவில்லை. காரின் சொந்தக்காரர் சேலைக் கடையில் இருந்தார். வெயிலில் இரண்டு மணி நேரம். அவரை வழியனுப்ப வந்திருந்த பஞ்சவர்ணம் ஸ்கூட்டரை அவருக்கு மறைப்பாக நிறுத்திக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அடக்க முடியாமல் வேட்டி நனைந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பஞ்சவர்ணம் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

மறுநாள் பச்சைக் கரை போட்ட புது நாலு முழ வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா?"

"கட்டுறதுக்கு இல்ல. வண்டிக்குப் பக்கத்துல தரையில விரி. மடிப்பு விழாமக் கெடக்கணும். அம்புட்டு எடம் இருந்தாத்தான் பலகையும் சாயும், சேரும் திரும்பும். ஒனக்கு டேப்புப் படிக்கத் தெரியாதுல்ல, இதுதான் டேப்பு." போகும்போது திரும்பிச் சொன்னாள்: "எறக்கி விட்டதோட வேல முடியாதுண்ணே. திரும்பி வந்து ஏறுற வரைக்கும் அவுக நம்ம விருந்தாளி."

அதன்பின் அப்படித்தான். வண்டி வந்ததும் வேட்டியை விரித்து நாலு மூலையிலும் கல் வைப்பேன். ஒரு திருவிழாச் சமயத்தில் எங்கள் முதலாளி பார்த்துவிட்டு, "இது என்ன வேட்டி காயப்போடுற எடமா?" என்று சத்தம் போட்டார். பஞ்சவர்ணம் ஸ்கூட்டரில் இருந்தபடியே, "ஒரு மனுசன் வேட்டி இங்கன நனைஞ்சுச்சு மொதலாளி. அதான் ஒரு வேட்டி காயுது" என்றாள். கதையை நான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். வேட்டியை எடுக்கச் சொல்லவில்லை.

இனி அந்த நாள். முந்தின சாயங்காலம் அவள் போனில் சொன்னது இது: "நாளைக்கு எட்டு மணிக்குச் சாத்தூர் வேன் வருதுண்ணே. சாரத்துல இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ வேல செய்யாமப் போன மனுசன். நாலு வருசம் கழிச்சு இப்பத்தான் வீட்ட விட்டு வெளிய வாராரு. பக்கக் கதவு. வேட்டிய எடுத்து வை." என்னிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

காலையில் செய்தி வந்தது. ஒன்றரைக்கு ராகு காலம், ஒரு மணிக்கு எடுத்துவிடுவோம் என்றார்கள். எதிர்க் கடை திறந்ததும் மிளகாய்ப் பச்சையில் கோடிச் சேலை எடுத்தேன். எட்டு மணிக்கு வர வேண்டிய வேன் பத்தரைக்குத்தான் வந்தது. அந்த ஆளின் மனைவி இறங்கியதும், "பஞ்சவர்ணம் அக்கா வரலியா?" என்று கேட்டாள். சாவுச் சேதி காதில் விழுந்தால் கோயிலுக்குள் போகத் தயங்குவார்கள். "பரவையில இருக்கு. இன்னைக்கு வர முடியல" என்றேன். பொய் இல்லை. அவர் நாற்காலியோடு இறங்கி, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்.

அப்போதே கிளம்பியிருந்தால் பரவைக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். கூட இருந்த காவல்காரரிடம் சொல்லிவிட்டு, சேலைப் பையோடு பஸ்ஸுக்கு நடந்தேன். அன்றைக்கு முகூர்த்த நாள், கூட்டம். கேட்டைத் தாண்டும் முன் திரும்பிப் பார்த்தேன். ஒரு கார் கல்லைத் தள்ளிக்கொண்டு வேட்டியின் மேல் ஏறி நின்றிருந்தது. கூட இருந்தவர் அந்தப் பக்கம் வேறு சண்டையில் இருந்தார்.

திரும்பி வந்து அந்தக் காரை எடுக்க வைத்தேன். வேட்டியை உதறி விரித்து, அதன் ஓரத்தில் நின்றேன். போன் இரண்டு தரம் அடித்தது. "வந்துட்டிருக்கேன்" என்றேன். அதுதான் பொய்.

அவர்கள் திரும்பியபோது ஒரு மணி. பலகை தாராளமாகச் சாய்ந்தது. அவர் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாத்திய கதவை மறுபடி திறக்கச் சொன்னார். அப்புறம், "நீங்க ஏறுங்கண்ணே, கொண்டுபோய் விடுறோம்" என்றார். கோயிலுக்குப் போனவர்கள் எழவு வீட்டுக்கு வரக் கூடாது, நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றேன்.

"சாமியப் பாக்க வச்சதே அந்த அக்காதான. ஏறுங்க."

பரவையில் அவள் வீட்டு வாசல் ஈரமாகக் கிடந்தது. அவளை எடுத்துக்கொண்டுபோய், வீடும் கழுவிவிட்டிருந்தார்கள். தெருமுனையில் உங்களில் பலர் நின்றீர்கள். என் கையிலிருந்த பையைத்தான் எல்லோரும் பார்த்தீர்கள். தேவி ஈரத் தலையோடு வெளியே வந்தாள். வேனைப் பார்த்தாள், உள்ளே நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

"இவரு அம்மனப் பாத்துட்டாரா மாமா?"

"பாத்துட்டாரும்மா."

"அப்பச் சரி. இவர விட்டுட்டு நீங்க வந்திருந்தா அம்மா எந்திரிச்சு ஏசியிருக்கும்."

இந்த இடத்தில் அவள் பேனா நின்றது. எழுது தாயி, நீ சொன்னதுதானே என்றேன். எழுதிவிட்டாள்.

பஞ்சவர்ணத்தின் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை. கோடிச் சேலை கட்டுப் பிரிக்காமல் தேவியிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது வேட்டி. நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி வெள்ளை போய்விட்டது, பச்சைக் கரை மட்டும் தெரிகிறது. பஞ்சவர்ணத்துக்கு அழுக்கு ஆகாது என்பதால் வாரம் ஒருமுறை துவைத்துப் போடுகிறேன். என் காலம் உள்ளவரை அந்த நாலு முழத்தில் ஒரு சைக்கிளைக்கூட நிறுத்த விடமாட்டேன்.

அவள் போன் இப்போது தேவியிடம் இருக்கிறது. நாளைக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு வண்டி வருகிறதாம். பின் கதவா, பக்கக் கதவா என்றேன். கேட்க மறந்துவிட்டாள். இதை எழுதி முடித்ததும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.