அவசரப்பட்டுப் போட்ட மாலை

தேவகி அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, "இது பொய்ச் செய்தி. தயவுசெய்து யாரும் பரப்ப வேண்டாம்" என்று முதல் ஆளாகப் பதில் எழுதியவன் நான். செயலாளர் என்ற மிடுக்கில் ஒரு கண்டனத்தையும் சேர்த்திருந்தேன். சற்று நேரத்தில் அக்காவின் கணவர் ராஜன் அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

"இல்லைத் தம்பி. இந்த முறை உண்மைதான்."

மாரடைப்பாம். மனைவியை இழந்து நின்ற மனிதர், அன்று காலை எனக்கு அதை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

'இந்த முறை' என்று அவர் ஏன் சொன்னார் என்பது அக்காவை அறியாதவர்களுக்கு விளங்காது. அவரைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

தேவகி அக்கா ஒரு மங்கா கலைஞர். ஜப்பானியர் வலமிருந்து இடமாக வாசிக்கும் அந்தப் படக்கதைகளை, தென் லண்டனில் மிச்சம் என்னும் பகுதியில், ஒரு கடைக்கு மேலிருந்த வீட்டில் இருந்துகொண்டு வரைந்தவர். படிக்க வந்த காலத்தில் கூடத் தங்கியிருந்த ஜப்பானியத் தோழியால் பிடித்த பைத்தியம் அது என்பார். பகலில் உள்ளூராட்சிக் கவுன்சிலில் வேலை. விடியற்காலையில் எழுந்து, வேலைக்குப் போகுமுன் வரைவார். கதைகள் முதலில் ஜப்பானிய இதழொன்றில் வந்தன. பிறகு ஆங்கிலத்தில் புத்தகங்களாயின. அவற்றில் பெரும் பெயர் பெற்றது, லண்டனில் ட்ராம் ஓட்டும் சாந்தா என்ற தமிழ்ப் பெண்ணின் கதை.

எங்களுக்கு இது தெரியாமல் இல்லை. "அவ கார்ட்டூன் கீறுறவ" என்ற அளவில் தெரியும். சங்கத்தின் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் வேண்டுமென்றால் அவரிடம் ஓடுவோம். அவரும் முகம் கோணாமல் மயில் வரைந்து தருவார். ஒருமுறை என்னிடம், "தம்பி, மயிலை விட்டிட்டு வேறை ஏதும் கேளுங்கோவன்" என்றார். அடுத்த வருடம் குத்துவிளக்குக் கேட்டோம்.

இந்த ஆண்டு, லண்டனின் பெரிய அருங்காட்சியகம் ஒன்று அவருடைய வாழ்நாள் பணியைக் கொண்டாடிக் கண்காட்சி வைத்தது. அறிவிப்பு வந்த நாளிலேயே அவர் 'எங்கட தேவகி அக்கா' ஆகிவிட்டார். திறப்பு நாளன்று பட்டுவேட்டியும் காஞ்சிபுரமுமாகப் போய் இறங்கினோம். வெம்பிளியில் சொல்லிக் கட்டுவித்த ரோஜா மாலையை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான்.

சித்திரங்கள் இருக்கும் கூடத்துக்குள் பூவைக் கொண்டுபோகக் கூடாது, பூச்சி வந்துவிடும் என்று வாசலில் மறித்துவிட்டார்கள். அக்காவோ மேல்மாடியில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் தலைவருக்கு ஹரோவில் இன்னொரு விழா இருந்தது.

"ஏன் காணும் காத்துக்கொண்டு நிக்கிறீர்? அந்தா அவவின்ர பெரிய படம் இருக்குது. அதுக்குப் போடும். ஒரு ஃபோட்டோ எடுத்திட்டு வெளிக்கிடுவம்" என்றார்.

முன்கூடத்தில் ஆளுயரத்தில் அக்காவின் புகைப்படம் இருந்தது. போட்டேன். சுற்றிவர நின்று கைகூப்பிப் படம் எடுத்து, உடனே குழுவில் ஏற்றினோம்.

மாலை போட்ட படத்தைக் கண்டால் நம்மவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? நாங்கள் அங்கிருந்து வெளிக்கிடுமுன்பே ஆழ்ந்த இரங்கல்கள் வந்து குவிந்தன. லண்டனில் தொடங்கி டொரொன்டோ, பாரிஸ் என்று போய், யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய தமக்கையின் காதிலும் விழுந்துவிட்டது. அந்த அம்மா குழறி அழுதுகொண்டு அழைத்தபோது, அக்கா படியிறங்கி எங்களிடம் வந்துகொண்டிருந்தார். மாலையையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தபடி, "ஓம் அக்கா, நான்தான் கதைக்கிறன். இல்லை, சாகேல்லை. மியூசியத்திலை நிக்கிறன்" என்று தமக்கையைத் தேற்றினார். பிறகு சிரித்தார். நான் மாலையைக் கழற்றவும் தெரியாமல் விடவும் தெரியாமல் நின்றேன்.

மன்னிப்புக் கேட்க மறுவாரம் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்துவிட்டுக் கைபேசியைக் காட்டினார்.

"எல்லாத்தையும் வாசிச்சன் தம்பி. 'ஈடு செய்ய முடியாத இழப்பு', 'தமிழினத்தின் பெருமை'. வடிவாத்தான் எழுதியிருக்கினம். ஆனா ஒருத்தரும் சாந்தாவைப் பற்றி ஒரு வசனம் எழுதேல்லை. ஜப்பானிலை இருந்து சனம் எனக்குக் கேள்வி கேட்டு எழுதுதுகள். சாந்தா அப்பிடிச் செய்தது பிழை எண்டு சண்டை பிடிக்குதுகள். எங்கட ஆக்களிலை ஒராள் ஒரு கேள்வி கேட்டாப் போதும் எண்டிருக்குது."

"நான் வாசிக்கிறன் அக்கா, கட்டாயம்" என்றேன். சாந்தா கதையின் புத்தகங்களை ஒரு பையில் போட்டுத் தந்தார். அதற்குப் பிறகு இரண்டு தடவை என்னைக் கோவிலில் கண்டார். இரண்டு தடவையும் வாசித்தீர்களா என்று கேட்கவில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் வேலைப் பளுவைப் பற்றிப் பேசினேன்.

இறுதிக்கிரியைகள் முடிந்த பிறகு, இந்த அஞ்சலியை எழுதவென்று பையைத் திறந்தேன். வேறு எதற்காகவும் திறந்திருக்க மாட்டேன் என்பதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. அட்டை எது, முடிவு எது என்று தெரியாமல் முதலில் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, பிறகு திருத்திக்கொண்டேன். சாந்தா போரில் காணாமற்போன தம்பியைத் தேடுகிறார். ஊர் ஊராகக் கடிதம் போடுகிறார். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். மூன்றாம் புத்தகத்தில், மழைநாளொன்றில், ட்ராமின் பக்கக் கண்ணாடியில் அவனைக் காண்கிறார். அவன் அவரைக் கூப்பிட்டபடி ஓடி வருகிறான். சாந்தா அவனை நன்றாகப் பார்க்கிறார். பார்த்துவிட்டுக் கதவை மூடி ட்ராமை எடுக்கிறார். அந்தப் பக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ராஜன் அண்ணையை அழைத்து, ஏன் என்று கேட்டேன்.

"நானும் ஒருநாள் கேட்டனான் தம்பி. 'பொறுங்கோ, எங்கட ஆக்கள் ஆரும் வாசிச்சிட்டுக் கேப்பினம். அப்ப ரெண்டு பேருக்குமாச் சேர்த்துச் சொல்லுறன்' எண்டவ."

அக்கா, வாசித்துவிட்டேன். அத்தனை வருடம் தேடிய தம்பி, மழையில் கையை உயர்த்திக்கொண்டு இன்னும் ஓடி வருகிறான். சாந்தா ஏன் கதவை மூடினார்?